கதை தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலம் தூரமில்லை
(தோட்டப் பெற்றோர் கூட்டமொன்றில், திருக்கோவிலிலிருந்து வந்த ஆங்கில ஆசிரியர்கள் சார்பில் ஆற்றிய உரை)



நாங்கள் அம்பாறைக் கரையோரத்துத் திருக்கோவிலிலிருந்து வந்திருக்கிறோம். கல்முனையில் பஸ் ஏறித் தெற்கே அக்கரைப்பற்றைத் தாண்டினால் எங்கட ஊர். கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் எங்கட சித்திர வேலாயுத சுவாமி கோயிலுக்கு வந்துதான் போவார்கள். உங்களுக்குத் தேயிலை, எங்களுக்குக் கடலும் வயலும். ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு இடமும் ஒன்றுதான். ஆங்கிலப் பாடம் என்றால் பிள்ளை வாயைத் திறக்காது.

அதே பிள்ளை வெளியில் போனால் பாம்பு கண்ட கதையைக் கையைக் காலை ஆட்டிச் சொல்லும். வகுப்பில் அதற்குக் கொப்பியில் எழுதத்தான் ஏதாவது இருக்கிறது, வாயால் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல ஒரு விஷயம் இருந்தால்தானே பாஷை வரும்?

இது பெரியவர்களுக்குத் தெரியாததல்ல. 1999இல் நாடு முழுதும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தில், முதலாம் இரண்டாம் தரங்களுக்கு ஆங்கிலத்தைப் பேச்சாகவும் விளையாட்டாகவும் வைத்தார்கள். புத்தகம் மூன்றாம் தரத்திலிருந்துதான். ஆனால் புத்தகம் கைக்கு வந்ததும் பல வகுப்புகளில் பேச்சு நின்று போகிறது. அங்கேதான் கதையைக் கொண்டுவர வேணும் எண்டு நாங்கள் சொல்கிறோம்.

எங்கட பக்கத்து ஊர் தம்பிலுவிலில் கண்ணகி அம்மன் கோயில் இருக்கிறது. வைகாசியில் அங்கே கண்ணகி வழக்குரை பாடுவார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத ஆச்சிக்கும் கோவலன் கதை மனப்பாடம். உங்கட காமன் கூத்தும், பொன்னர் சங்கர் கதையும் அப்படித்தானே? கதை முன்பே தெரிந்த பிள்ளை ஆங்கிலத்தில் கதையைத் தேடாது, சொல்லை மட்டும் தேடும். பாதிச் சுமை இறங்கிவிட்டது.

நாங்கள் செய்கிற முறையைச் சொல்கிறோம். காக்கா வடை கதையை எடுங்கள். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பிள்ளை நாலு படம் கீறட்டும். படத்துக்கு ஒரு வசனம். “க்ரோ இஸ் ஹங்ரி.” “ஃபாக்ஸ் கம்ஸ்.” இப்படி இரண்டு மூன்று சொல் போதும். வடைக்கு ஆங்கிலம் தேடி அலைய வேண்டாம், வடை வடைதான். பிறகு படங்களைக் கலைத்துப் போட்டு, ஒழுங்காக அடுக்கிச் சொல்லச் சொல்லுங்கள். அது வந்த பிறகு, “காக்கா வடையைக் காலுக்குள் வைத்துக்கொண்டு பாடினால்?” எண்டு கேளுங்கள். அங்கேதான் பிள்ளை தானாக யோசிக்கும், புதுச்சொல்லும் கேட்கும்.

இத்தாலி நாட்டில் ஜான்னி ரொதாரி எண்டு ஒரு எழுத்தாளர் இருந்தார், முன்பு ஆசிரியராக இருந்தவர். 1973இல் வந்த அவருடைய புத்தகத்தில் ஒரு வழி சொல்கிறார்: ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சொல்லை எடுத்து, இரண்டையும் சேர்த்துக் கதை கட்டு. எங்கட பிள்ளைகளுக்கு நண்டும் குடையும் கொடுப்போம். நீங்கள் அட்டையும் குடையும் கொடுத்துப் பாருங்களேன். அட்டைக்குக் குடை எதுக்கு? “லீச் லைக்ஸ் ரெயின். நோ அம்ப்ரெல்லா!” எண்டு ஒரு பிள்ளை சொன்னால், அது முழுக்கதைதான்.

பிழை வரும். “ஃபாக்ஸ் கோ” எண்டு சொல்லும். நடுவில் நிறுத்தித் திருத்தினால் கதையும் போச்சு, வாயும் மூடிப் போச்சு. “ஆமாம், ஃபாக்ஸ் கோஸ். பிறகு?” எண்டு சரியான சொல்லை ஆசிரியர் தன் வாயால் திருப்பிச் சொன்னால் போதும். கேட்டுக் கேட்டுப் பிள்ளை திருந்தும். ஆங்கில தினப் போட்டிக்கு யாரோ எழுதிக் கொடுத்த பேச்சைப் பாடமாக்கி ஒப்புவிப்பது எங்களுக்கு அவ்வளவு பிடிக்காது. பரிசு வாங்கிய பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டால் விழிக்கும்.

“எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே, நாங்க என்ன செய்ய?” எண்டு நீங்கள் கேட்பீர்கள். கதை உங்களிடம்தானே இருக்கு! தமிழில் நீங்கள் சொல்லுங்கள், ஆங்கிலத்தில் பிள்ளை சொல்லட்டும். விளங்காவிட்டாலும் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். சிரித்துவிடாதீர்கள்.

மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளையை நீங்கள் அறிவீர்கள். ஆங்கிலத்தில் கவிதை எழுதியவர், தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். லயத்துப் பாட்டை அவர் ஆங்கிலத்துக்கு எதிரியாகப் பார்க்கவில்லை.

கொழுந்து எடுத்துட்டு வந்து அடுப்பு மூட்டவே பொழுது போயிடும், இதுக்கெல்லாம் நேரம் எங்கே எண்டு முன்வரிசையில் ஒரு அக்கா கேட்டா. நியாயமான கேள்வி. தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம் அக்கா. ரொட்டிக்கு மாப் பிசையும்போது மூத்தவள் இளையவனுக்குச் சொல்லட்டும். நீங்கள் காதைக் கொடுத்துக்கொண்டு, நடுவில் “பிறகு?” எண்டு மட்டும் கேளுங்கள். பத்து நிமிஷம். கலண்டர் தாள் வாசல் மேசையில் வைத்திருக்கிறோம், போகும்போது பிள்ளைக்கு நாலு தாள் எடுத்துக்கொண்டு போங்க.