விளையாட்டிலிருந்து பிறந்த வரலாற்றுப் புதினங்களை வாசித்தல்



புதினத்திலிருந்து திரைப்படம் பிறப்பதை நாம் நெடுங்காலமாக அறிவோம். கணினி விளையாட்டிலிருந்து புதினம் பிறப்பதும் இன்று வழக்கமாகிவிட்டது. நம் மாணவர்களுள் சிலர் அத்தகைய புதினங்களை விரும்பிக் கையில் எடுக்கின்றனர். அதனை வாசிப்பு என்று கொள்ளலாமா என ஆசிரியர்களாகிய நாம் தயங்குகிறோம். அந்தத் தயக்கத்தை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

'அசாசின்ஸ் கிரீட்' என்னும் வரிசையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். யூபிசாஃப்ட் நிறுவனத்தின் மான்ட்ரியல் பிரிவு உருவாக்கிய முதல் விளையாட்டு 2007இல் வெளிவந்தது. 12ஆம் நூற்றாண்டின் சிலுவைப் போர்க் காலமே அதன் களம். அதற்கு உந்துதலாக அமைந்தவற்றுள் ஒன்று, சுலோவேனிய எழுத்தாளர் விளாடிமிர் பார்தோல் 1938இல் வெளியிட்ட 'அலமுத்' என்னும் புதினம். 2009 முதல் இவ்விளையாட்டுகளின் கதைகள், ஆலிவர் பௌடன் என்ற பெயரில் ஆங்கிலப் புதினங்களாக வெளிவரத் தொடங்கின. அது ஆன்டன் கில் என்ற எழுத்தாளரின் புனைபெயர். ஆக, ஒரு புதினம் விளையாட்டுக்கு வித்திட்டது. அவ்விளையாட்டு மீண்டும் புதினமாயிற்று. எழுத்துலகுக்கு இது முற்றிலும் அயலானது என்று நாம் ஒதுக்கிவிட இயலாது.

விளையாட்டு தராத எதனைப் புதினம் தருகிறது? விளையாட்டில் 'எப்படி' என்ற வினாவே முன்நிற்கிறது. எந்தச் சுவரில் ஏறுவது, எந்தக் காவலனின் கண்ணில் படாமல் கடப்பது என்பவையே விளையாடுபவரின் கவலை. புதினத்தில் நம் விரல்களுக்கு வேலையில்லை. அதனால் 'ஏன்' என்ற வினா முன்னே வந்துவிடுகிறது. 2012இல் வெளிவந்த 'ஃபார்சேக்கன்' இதற்குத் தக்க சான்று. அதன் மூலமான விளையாட்டில் கானர் என்னும் இளைஞனே நாயகன். அவன் தந்தை ஹேத்தம் கென்வே எதிரணியைச் சேர்ந்தவர். புதினமோ பெரும்பகுதி அந்தத் தந்தையின் நாட்குறிப்பாக அமைந்துள்ளது. 1735இல் இலண்டனில் தன் வீடு தாக்கப்பட்டுத் தந்தையை இழந்த சிறுவன் அவர் என்பதை அறிந்தபின், அவரை வெறும் பகைவராக மட்டும் நம்மால் பார்க்க முடிவதில்லை. பகைவன் உள்ளத்துக்குள் புகுந்து பார்க்கும் இப்பயிற்சி வாசிப்பின் பெரும்பயன்களுள் ஒன்றாகும்.

எனினும், வரலாற்றைப் பொறுத்தவரை இப்புதினங்களை விழிப்போடு வாசிக்க வேண்டும். 'ரினைசான்ஸ்' என்ற முதற்புதினத்தில் புளோரன்ஸ் நகரத்துச் சதி இடம்பெறுகிறது. 1478 ஏப்ரல் 26ஆம் நாள், பேராலய வழிபாட்டின்போது மெடிச்சி குடும்பத்தின் இளவல் ஜூலியானோ கொல்லப்பட்டார். அவர் தமையன் லொரென்சோ காயத்தோடு தப்பினார். இவை வரலாறு. லொரென்சோவைக் காப்பாற்றியவன் எட்சியோ என்னும் கற்பனை நாயகன் என்கிறது புதினம். உண்மையில், நண்பர்கள் அவரை ஆலயத்தின் உள்ளறைக்குள் சேர்த்துக் கதவை அடைத்துக் காத்தனர். கவிஞர் பொலிட்சியானோ அவர்களுள் ஒருவர். அச்சதியைப் பற்றி அவரே எழுதியும் வைத்தார்.

நாயகனைச் சேர்த்தது பிழையன்று. அது புனைவின் உரிமை. நாம் கவனிக்க வேண்டியது காரணத்தை மாற்றியதைத்தான். பாட்சி, மெடிச்சி என்னும் இரு வங்கிக் குடும்பங்களின் போட்டியும், இமோலா நகரை வாங்கப் போப்பாண்டவர் நான்காம் சிக்ஸ்டசுக்குக் கடன் கொடுப்பது பற்றிய பூசலும் அச்சதிக்குப் பின்னால் இருந்தன. கதையோ இவற்றுக்கு மேலாக ஓர் இரகசியச் சங்கத்தை அமர்த்துகிறது. எல்லா நூற்றாண்டுகளையும் ஒரே மறைகரம் ஆட்டிவைக்கிறது என்று எண்ணுவது கதைக்குச் சுவை கூட்டும். வாழ்க்கையில் அதுவே பழக்கமாகிவிட்டால் கேடு. கைப்பேசியில் வந்து விழும் ஒவ்வொரு சதிக்கதையையும் நம்பும் மனம் இப்படித்தான் உருவாகிறது.

தமிழ் வாசகர்களுக்கு இச்சிக்கல் புதிதன்று. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஆதித்த கரிகாலன் கொலையை நடுவாகக் கொண்டது. அக்கொலையில் தொடர்புடையோரின் பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டு கூறுகிறது. நந்தினியோ கல்கியின் படைப்பு. நந்தினியை மறவாமலும் கல்வெட்டைக் கைவிடாமலும் வாசிக்கக் கற்றவரே நல்ல வாசகர். அதே கண்ணோடு எட்சியோவையும் வாசிக்கலாம்.

வகுப்பறைக்கு ஒரு வழியைப் பரிந்துரைக்கிறோம். மாணவர் தாம் விரும்பிய இத்தகைய புதினத்திலிருந்து ஒரே ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்துகொள்ளட்டும். அதில் வரலாறு சொல்வது எது, விளையாட்டின் தேவைக்காக வந்தது எது, ஆசிரியர் உள்ளத்திலிருந்து சேர்த்தது எது என்று பிரித்து, தமிழில் ஒரு பக்கம் எழுதட்டும். முதல் வினா அவரை நூலகத்துக்கு அனுப்பும். இரண்டாவது, அவர் நன்கறிந்த துறையில் அவரையே ஆசிரியராக்கும். மூன்றாவது, இலக்கியத்தின் வாயிலில் நிறுத்தும். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் ஆராயும்போது, மொழியும் தேர்வுத்தாளைக் கடந்து சிந்தனைக் கருவியாக வளரும்.

இப்புதினங்கள் எல்லாம் உயர்ந்த இலக்கியம் என்று நாம் வாதிடவில்லை. சண்டைக்குப் பின் சண்டை என நீளும் பக்கங்கள் பல உண்டு. விளையாட்டில் விறுவிறுப்பூட்டியது தாளில் சலிப்பூட்டுவதும் உண்டு. அந்தச் சலிப்பு எங்கே தொடங்குகிறது என்று மாணவர் சுட்டிக்காட்டுவாராயின், அவர் திறனாய்வு செய்யத் தொடங்கிவிட்டார் என்றே பொருள். அவர் கையிலுள்ள நூலைப் பறித்துவிட்டு நாம் விரும்பும் நூலைத் திணித்தால் இரண்டையும் அவர் மூடிவிடக்கூடும். கையிலிருக்கும் நூலைப் பற்றி அவரிடம் நல்லதொரு வினாவைக் கேட்போம். அடுத்த நூலை அவரே தேடி வருவார்.