நம்ம கூலியையும் கணக்கில் சேர்ப்போம்



நம்ம வீட்டு மிளகாய்த் தொக்கை ருசி பார்த்தவங்க "ஒரு பாட்டில் கொடுங்க"ன்னு கேட்டா நமக்குப் பெருமைதான். அதையே குழுத் தொழிலாக்கும்போது ருசியோடு கணக்கும் வேண்டும்.

பத்து பாட்டிலுக்கு மிளகாய், புளி, நல்லெண்ணெய், பாட்டில், அடுப்புச் செலவு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 70 ரூபாய்க்கு விற்றால் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் லாபம் என்கிறோம். நாள் முழுக்க அடுப்படியில் நின்ற நம்ம கூலி 300 எங்கே போச்சு? அதையும் சேர்த்தால் ஒரு பாட்டிலின் அடக்கவிலையே 90. அதற்கு மேல்தான் விலை வைக்கணும்.

தொக்கு கெட்டால் பேரும் கெடும். பாட்டில், கரண்டியில் துளி ஈரம் கூடாது. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, 14 இலக்கப் பதிவு எண்ணையும் தயாரித்த தேதியையும் லேபிளில் போடுவோம்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு அவங்கவங்க அடக்கவிலைக் கணக்கோடு வாங்க.