மீண்டு வந்தோரைப் பேணல்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று யான் எடுத்துக்கொண்ட விஷயம் மேடைகளில் பேசப்படுவதன்று. இல்லங்களிலும் கதவை அடைத்துக்கொண்டே பேசப்படுவது. தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ள முயன்று, தெய்வாதீனத்தாலும் வைத்தியர் முயற்சியாலும் பிழைத்து வீடு திரும்பியவரை நாம் எவ்வாறு நடத்துகிறோம் என்பதே அது.

நம்மவர் வீட்டில் ஒரு மரணம் நேரிட்டால் பதினாறு நாளும் வாசலில் ஆள் குறைவதில்லை. காமாலை கண்டவரைப் பார்க்கச் சாத்துக்குடியும் ரொட்டியும் வாங்கிச் செல்கிறோம். இவரிடத்திலோ, நெருங்கிய பந்துக்கள் முதல் வாரத்தில் கூடி, "பெற்றவர்களை நினைத்தாயா?" என்று புத்திமதி கூறிக் கலைந்து விடுகிறார்கள். வீட்டார் ஊராரிடம் வயிற்றுவலி என்கிறார்கள். பெண்ணாயின் வரன் தட்டிப்போகுமே என்னும் அச்சம் வேறு. இதனால் விளையும் கேடு யாதெனில், மருத்துவர் மறுபடி வரச்சொன்ன தேதிக்கு அவரை அழைத்துப் போவதில்லை. போனால் யாரேனும் கண்டுவிடுவார்களே! மருத்துவசாலையை விட்டு வந்த முதற் சில வாரங்களே மிக அபாயமானவை என்பது மருத்துவர் நன்கறிந்த உண்மை. அவ்வாரங்களிலேதான் நம் கௌரவம் அவரைத் தனியறையில் இருத்துகிறது.

நிற்க. தொடர்ந்து விசாரிப்பதால் என்ன பயன் என்று ஐயுறுவோர்க்கு நம் சென்னைப் பட்டணமே சான்று. உலக சுகாதார ஸ்தாபனத்தார் சென்னை, கொழும்பு, பிரேஸில் தேசத்துக் கம்பினாஸ், ஈரானின் கரஜ், சீனத்தின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில், இவ்வாறு பிழைத்த 1,867 பேரை ஏறக்குறையச் சமமான இரு பகுதியாக்கி ஆராய்ந்து, 2008-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு பகுதியார்க்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்க்கு அதனுடன், ஒரு மணி நேரம் தனித்திருந்து நிலைமையை விளக்கியபின், 18 மாதங்களில் ஒன்பது தடவை நலம் விசாரித்தார்கள். முடிவில் முதற் பகுதியாரில் தற்கொலையால் மாண்டவர் 18 பேர். விசாரிக்கப்பட்டவரில் 2 பேர்.

அவ்வொன்பது தடவை அமைந்த முறையைக் கவனியுங்கள். 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்களில் ஐந்து. பின்னர் 4, 6, 12, 18-ஆம் மாதங்களில் நான்கு. நாம் நான்காம் மாதத்தில் யாரை விசாரிக்கிறோம்? அமெரிக்காவில் ஜெரோம் மாட்டோ என்னும் மருத்துவர், மேற்சிகிச்சைக்கு வர மறுத்தவருள் ஒரு பாதியார்க்கு ஐந்தாண்டுகள் சிறு கடிதங்கள் அனுப்பச் செய்தார். அவற்றில் உபதேசமில்லை, நலமறிய விரும்புகிறோம் என்னுமளவே. அதற்கே முதலிரண்டு ஆண்டுகளில் தற்கொலை குறைந்தது.

போலீசார் வழக்கு என்னும் அச்சமும் சிலர்க்கு உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ளச் சொல்லி, தண்டனையை விலக்கி, அவரைப் பேணும் கடமையை அரசாங்கத்தின்மேல் வைத்தது. பழைய 309-ஆம் பிரிவும் 2024 ஜூலையில் தண்டனைச் சட்டத்தோடு ஒழிந்தது.

ஆதலின் யான் சங்கத்தாரை வேண்டுவது இது. ஒவ்வொரு கிளையிலும் வாயடக்கமுள்ள ஓர் ஆடவரையும் ஒரு மாதையும் தேர்ந்து, மனநல மருத்துவரிடம் சில நாள் பயிற்றுவிக்க வேண்டும். பிழைத்தவர் இசைந்தால் மட்டுமே அவரிடம் செல்லவேண்டும். ஏட்டில் பெயர் எழுதலாகாது. நம் மாதப் பத்திரிகையிலோ குறிப்பாகக்கூட வரலாகாது. "அந்த எண்ணம் திரும்பவும் வருகிறதா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதனால் எண்ணம் விதைக்கப்படுவதில்லை. வயலுக்குரிய மருந்தும் வீட்டிலுள்ள மாத்திரையும் வேறொருவர் பூட்டில் இருக்கட்டும். இரவெல்லாம் விழித்திருக்கும் தாய்க்கும் ஒரு மாற்றாள் தேவை. அவளை நாம் நினைப்பதேயில்லை. அவசர வேளையில் 14416 என்னும் அரசாங்கத் தொலைபேசி எண்ணில் இரவு பகலாகத் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

மருத்துவசாலைக்குப் போய்வரும் பஸ் சத்தத்தைக் கல்யாண நிதியின் மிச்சத்திலிருந்து கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். காரியக் கமிட்டியார் இதனை அடுத்த கூட்டத்து அஜெண்டாவிற் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.