அமைச்சர் பதவி பறிபோன பின்னும்: வி.ஆர்.கிருஷ்ணய்யர்

(பங்காருபாளையம் கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



மாங்காய்ப் பருவம் வந்தால் இப்பகுதியின் மாங்கூழ் தொழிற்சாலை வாயில்களில் ஒரு கேள்வி எழுகிறது. ஒப்பந்தக்காரர் மூலம் உள்ளே செல்லும் தொழிலாளிக்கு முதலாளி யார்? இதற்கு 1978இல் உச்சநீதிமன்றத்தில் விடை எழுதியவர், கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் அமைச்சராக இருந்த வி.ஆர்.கிருஷ்ணய்யர்.

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தவர். தலச்சேரியில் விவசாயிகளுக்காகவும் தொழிலாளர்களுக்காகவும் வாதாடிய வழக்கறிஞர். கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று 1948இல் சிறை வைக்கப்பட்டார். 1952இல் கூத்துப்பறம்பிலிருந்து சென்னை சட்டமன்றத்திற்குச் சென்றார். 1957இல் தலச்சேரியில் கட்சி ஆதரவு பெற்ற சுயேச்சையாக வென்றார்.

தோழர் இ.எம்.எஸ். தலைமையிலான அரசு 1957 ஏப்ரல் 5 அன்று பதவியேற்றது. சட்டம், சிறை, மின்சாரம், பாசனம் ஆகியவற்றோடு உள்துறையும் அவர் பொறுப்பில் இருந்தது. ஒரே வாரத்தில் குத்தகை விவசாயிகளை வெளியேற்றுவதற்குத் தடை வந்தது. தொழிலாளர் போராட்டத்தில் முதலாளியின் ஏவலாளாகக் காவல்துறை நிற்காது என்று அவ்வரசு அறிவித்தது. ஆளும் வர்க்கம் இதை எப்படிப் பொறுக்கும்? 1959 ஜூலை 31 அன்று 356ஆவது பிரிவால் அரசு கலைக்கப்பட்டது. 1960 தேர்தலில் அவர் 7 வாக்குகளில் தோற்றதாக அறிவிக்கப்பட்டு, வழக்காடித்தான் அவ்விடத்தை மீட்டார்.

1973இல் உச்சநீதிமன்ற நீதிபதியானார். 1975 ஜூன் 24 அன்று இந்திரா காந்திக்கு அவர் வழங்கிய நிபந்தனையுடன் கூடிய இடைக்காலத் தடை பற்றி இன்றும் விவாதம் உண்டு. முழுத் தடையை அவர் மறுத்தார் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். சிறைக்குள் இருந்தவர், சிறைத்துறையை ஆண்டவர், சுனில் பத்ரா வழக்கில் கைதியும் மனிதனே என்று தீர்ப்பளித்ததில் வியப்பில்லை.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். கோழிக்கோட்டில் ஒரு கயிறு ஆலை. ஒப்பந்தக்காரர் அமர்த்திய 29 தொழிலாளர்களுக்கு வேலை மறுக்கப்பட்டது. அவர்கள் என் ஆட்கள் அல்லர் என்றார் ஆலை உரிமையாளர் உசேன்பாய். கிருஷ்ணய்யர் அந்தத் திரையை விலக்கிப் பார்த்தார். யாருடைய தொழிலுக்காக உழைப்பு செலவாகிறதோ, யார் கைவிட்டால் தொழிலாளியின் பிழைப்பே போகிறதோ, அவரே முதலாளி. இடையில் எத்தனை ஒப்பந்தக்காரர் நின்றாலும் அது மாறாது என்றார்.

இத்தீர்ப்பைப் பயன்படுத்தச் சான்று வேண்டும். வாயில் அனுமதிச் சீட்டு, வருகைப் பதிவு, கூலிச் சீட்டு எதையும் பருவம் முடிந்ததும் தூக்கி எறியாதீர்கள் என்று ஒவ்வொரு தொழிலாளியிடமும் இந்த வாரமே சொல்லத் தொடங்குவோம்.