கதை யார் பக்கம்?



"அறிவியல் புனைகதைத் தொடர்களில் அரசியல் சார்பு இருக்கிறதா?" என்பது இன்று நமக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு. எனக்கு முன் பேசிய நண்பர், விண்கலம் பறக்கட்டும், அரசியல் எதற்கு என்று கேட்டார். ஒரே ஒரு தொடரை வைத்து அவருக்குப் பதில் சொல்ல முயல்கிறேன். அதன் பெயர் 'பேட்டல்ஸ்டார் கலாக்டிகா'.

முதல் தொடர் 1978-இல் அமெரிக்காவில் ஒளியேறியது. 'சைலோன்' என்னும் இயந்திரப் படை மனித குலத்தை அழிக்கத் துரத்துகிறது. எஞ்சியவர்கள் விண்கலங்களில் தப்பி ஓடுகிறார்கள். அதில் ஸ்டார்பக் என்ற குறும்புக்கார விமானியாக டர்க் பெனடிக்ட் நடித்தார். 2003-இல் ரொனால்ட் மூர் அதே கதையைப் புதிதாகக் கொண்டுவந்தபோது ஸ்டார்பக் பெண்ணாகிவிட்டார்! நடித்தவர் கேட்டி சாக்காஃப். ரசிகர்கள் பொங்கினார்கள். ஆண்மையைப் பறித்துவிட்டார்கள் என்று பெனடிக்டே 2004-இல் கட்டுரை எழுதினார்.

என் மாமாவும் அந்தக் கட்சிதான். பழைய தொடரை வீடியோ நாடா தேயத் தேயப் பார்த்தவர். "இது கதை இல்லம்மா, பெண்ணுரிமைப் பிரச்சாரம்" என்றார். அவரைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. இளமையில் நேசித்த ஒன்றை யாரோ மாற்றினால் வலிக்கத்தான் செய்யும். ஆனால், அந்த வலியைச் சொல்ல அவருக்குக் கிடைத்த ஒரே சொல் 'அரசியல்'.

உண்மையான அரசியல் பிறகுதான் வந்தது. 2001 செப்டம்பர் தாக்குதல் நடந்து இரண்டே ஆண்டில் தொடங்கிய தொடர் அல்லவா? திடீரென்று தாக்கப்பட்ட மனிதர்களில் அமெரிக்க நேயர்கள் தங்களையே பார்த்தார்கள். அதன்பின் 2006 அக்டோபரில் கதை தலைகீழானது. மனிதர்கள் குடியேறிய கோளைச் சைலோன்கள் ஆக்கிரமிக்கிறார்கள். மனிதர்களோ தற்கொலைத் தாக்குதலில் இறங்குகிறார்கள். காவலர் பயிற்சி முடித்தவர்களின் விழாவில் குண்டு வெடிக்கிறது. இறந்தவர்களும் மனிதர்களே. அப்போது அமெரிக்கப் படை ஈராக்கில் இருந்தது. நேற்றுவரை "நம்மவர்" என்று கைதட்டியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அரசியல் இந்தத் தொடரைக் கெடுத்துவிட்டது என்று 2009-இல் ஓர் அமெரிக்க வலதுசாரி இதழ் கட்டுரையே வெளியிட்டது.

நான் அந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. அந்தத் தாக்குதல்களை ஆதரிப்பதாக என் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கும்போது, முன்னாள் அதிபர் ரோஸ்லினால் சொல்ல முடியவில்லை. கதையின் நல்லவர் அவர்தான். பெண்களின் உரிமைக்காகவே வாழ்ந்தவர், எஞ்சியிருப்பது ஐம்பதாயிரத்துக்கும் குறைவான உயிர்கள் என்பதால் கருக்கலைப்புக்குத் தடை போடுகிறார். தேர்தலில் தோற்பார் என்று தெரிந்ததும் வாக்குகளைத் திருடவும் உடன்படுகிறார். இப்போது சொல்லுங்கள், இது எந்தக் கட்சியின் பிரச்சாரம்? தன் பக்கத்து ஆளையே கூண்டில் ஏற்றும் கதையைச் சார்புள்ளது என்று எப்படிச் சொல்வது? 2009 மார்ச்சில் நியூயார்க்கில் ஐக்கிய நாட்டு நிறுவனம், மனித உரிமை பற்றிப் பேச இந்தத் தொடரின் கலைஞர்களை அழைத்தது சும்மா அல்ல.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பாத்திரங்கள் மேடைப் பேச்சாளர்கள் போல நமக்குப் பாடம் எடுக்கும் தொடர்களும் உண்டு. எழுத்து மோசம் என்று சொல்லும் ரசிகரைப் பிற்போக்குவாதி என்று ஒதுக்கிவிட்டுத் தப்பிக்கும் தயாரிப்பாளர்களும் உண்டு. அங்கே நான் ரசிகர் பக்கம்.

எனக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. நான் நடத்திய ஒரு நேர்காணலில், தோட்டத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்வது பற்றி ஒரு கேள்வி கேட்டேன். "ஒரு பக்கம் சாய்கிறீர்கள்" என்று கடிதங்கள் வந்தன. எதிர்ப்பக்கம் சாய்ந்ததாகவும் வந்தன! யாரும் என்னைக் கண்டிக்கவில்லை. ஆனால், அடுத்த நேர்காணலுக்குக் கேள்விகள் எழுதும்போது அப்படிப்பட்ட ஒன்றை நானே அடித்துவிட்டேன். வந்த விருந்தினர் அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருந்தார் என்பது நிகழ்ச்சி முடிந்து தேநீர் குடிக்கும்போது தெரிந்தது.

மாமாவைக் கேட்பீர்கள். 2009-இல் கடைசிப் பாகம் வரை ஒன்றுவிடாமல் பார்த்தார். ஆனால் ஸ்டார்பக்கை இன்றுவரை "அவன்" என்றுதான் சொல்கிறார்.