பாபிலோன் கல்லும் ஆடுதுறைக் கல்லும்

(பெரம்பலூர், அரியலூர் வட்டாரத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் வகுப்பில் நிகழ்த்திய பேச்சு)



சட்டம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது கோர்ட்டும், வக்கீலும், வாய்தாவும்தான். சட்டம் மேலேயிருந்து இறங்கி வருவது, நாம் கைகட்டி நின்று கேட்டுக் கொள்ள வேண்டியது என்று தலைமுறை தலைமுறையாக நமக்குச் சொல்லி வந்திருக்கிறார்கள். இது உண்மைதானா? இரண்டு கற்களைக் கேட்டுப் பார்ப்போம். ஒன்று, கடல் கடந்த பாபிலோன் நாட்டுக் கல். மற்றொன்று, நம் பெரம்பலூர்ச் சீமையில் வெள்ளாற்றங்கரை ஆடுதுறைக் கோயிலில் உள்ள கல். சுண்ணாம்புக்கல் வெட்டியும், சிமெண்டு ஆலையில் அரைத்தும் ஜீவனம் நடத்துகிற ஊர் அரியலூர். கல்லைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் எது?

இன்றைய ஈராக் நாட்டில், யூப்ரடீஸ் நதிக்கரையில் இருந்தது பாபிலோன். கி.மு. 1792 முதல் 1750 வரை அதை ஆண்டவன் ஹம்முராபி. ஏழு அடிக்கு மேல் உயரமுள்ள கரிய கல் ஒன்றில் சுமார் 282 விதிகளை அவன் வெட்டி வைத்தான். கல்லின் உச்சியில் சூரிய தேவன் வீற்றிருக்கிறான். அவன் முன்னே அரசன் நிற்கிறான். அதாவது, இந்தச் சட்டம் தேவனின் சம்மதம் பெற்றது, எதிர்த்துப் பேசாதே என்று பொருள். பின்னால் ஈலம் நாட்டு அரசன் படையெடுத்து வந்து இந்தக் கல்லையும் கொள்ளைப் பொருளாகத் தூக்கிப் போனான். 1901-02இல் ஈரானிலுள்ள சூசா என்ற இடத்தில் பிரெஞ்சுக்காரர்கள் அதைத் தோண்டி எடுத்தார்கள். இன்று அது பாரிஸ் நகரத்து லூவர் மியூசியத்தில் இருக்கிறது.

அந்தக் கல்லில் நல்லது ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. வெள்ளம் வந்தோ மழை பொய்த்தோ விளைச்சல் போனால், கடன்பட்ட குடியானவன் அந்த வருஷத்துக்கு வட்டி கட்ட வேண்டியதில்லை. கடனுக்காக மனைவியையோ மக்களையோ வேலைக்கு ஒப்படைத்தால், மூன்று வருஷம் உழைத்தபின் நாலாம் வருஷம் அவர்களை விடுவித்தாக வேண்டும். உழவு வேலைக்கு அமர்த்தப்பட்டவனுக்கு வருஷத்துக்கு 8 'குர்' தானியம், மாடு ஓட்டுகிறவனுக்கு 6 'குர்' என்று கூலிகூட எழுதியிருக்கிறது.

ஆனால் அதே கல்லில் இன்னொன்றையும் படியுங்கள். மேல்குடிக்காரன் ஒருவனின் கண்ணைப் பறித்தால், பறித்தவன் கண்ணைப் பறிக்க வேண்டும். பறிபோனது சாதாரணக் குடிமகன் கண்ணாக இருந்தால்? ஒரு 'மினா' வெள்ளி, ஏறக்குறைய அரை கிலோ, அபராதம். அடிமையின் கண்ணாக இருந்தால்? அவன் விலையில் பாதி. அந்தக் காசும் அடிமைக்கல்ல, எஜமானனுக்கு! தப்பி ஓடிய அடிமையை வீட்டில் ஒளித்து வைத்தவனுக்கு மரண தண்டனை. நிலத்தையும் மாட்டையும் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்டவன் விதையைத் திருடினால், கை போயிற்று.

கண் எல்லோருக்கும் ஒன்றுதான் தோழர்களே. விலைதான் வேறு வேறு.

அப்படியானால் வட்டித் தள்ளுபடியும் மூன்று வருஷக் கெடுவும் எதற்கு? குடியானவர்கள் எல்லோரும் கடன்காரனின் கொத்தடிமையாகிவிட்டால், அரசனுக்கு வரி கட்டுவது யார்? வாய்க்கால் வெட்டுவது யார்? படைக்குப் போவது யார்? கறவை மாடு செத்துப்போகாமல் பார்த்துக் கொள்கிறவனின் கருணை அது. இன்னொரு சங்கதியும் உண்டு. அந்தக் காலத்துக் களிமண் ஏடுகள், ஒப்பந்தங்களும் தீர்ப்புகளும், ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அவற்றில் நீதிபதிகள் இந்தக் கல்லை எடுத்துக் காட்டித் தீர்ப்புச் சொன்னதாகக் காண்பது மிக அரிது. எழுதிய கூலி வேறு, கைக்கு வந்த கூலி வேறு என்பது நமக்குப் புதிய செய்தியா என்ன?

இந்தச் சட்டத்தின் சாயல் பின்னால் பல நாடுகளில் தெரிகிறது. கண்ணுக்குக் கண் என்பது பைபிளின் பழைய ஏற்பாட்டில் உண்டு. எபிரேய அடிமை ஆறு வருஷம் உழைத்தால் ஏழாம் வருஷம் விடுதலை என்றும் அங்கே இருக்கிறது. பாபிலோனிலிருந்து நேராக வந்ததா, அந்த வட்டாரத்துப் பொது வழக்கிலிருந்து வந்ததா என்று அறிஞர்கள் வாதாடுகிறார்கள். ரோமாபுரியில் கி.மு. 451-450இல் பன்னிரண்டு பலகைச் சட்டம் எழுதப்பட்டது. அது எப்படி எழுதப்பட்டது? சட்டத்தைத் தங்கள் மனத்துக்குள் பூட்டி வைத்திருந்த பிரபுக்களிடம், "எழுதி எல்லோருக்கும் தெரிய வை" என்று சாமானிய ஜனங்கள் மல்லுக்கு நின்றதால் எழுதப்பட்டது. நம் நாட்டு மனுநீதி பாபிலோனிலிருந்து வந்ததல்ல. ஆனாலும் வருணத்துக்கு ஒரு தண்டனை என்று நிறுத்த அதே தராசுதான் அதன் கையிலும். ஒன்றை மறக்க வேண்டாம். கடனுக்கு அடிமைப்பட்டவருக்கு மூன்று வருஷக் கெடு வைத்தது ஏறக்குறைய 3,750 ஆண்டுகளுக்கு முந்திய கல். இந்தியா முழுவதும் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்ததோ 1976இல்தான்!

இனி நம் ஊர்க் கல்லுக்கு வருவோம்.

கி.பி. 1429. விஜயநகரத்து இரண்டாம் தேவராயர் காலம். அரசாங்க அதிகாரிகள் ஒரு பக்கம், நிலத்தில் காணி உரிமை பெற்றவர்கள் மறுபக்கம்; வரி மேல் வரி. உழுகிறவர்களும் கைத்தொழில் செய்கிறவர்களும் அன்று வலங்கை 98 ஜாதி, இடங்கை 98 ஜாதி என்று இரண்டாகப் பிரிந்து கிடந்தார்கள். சோழர் காலத்திலிருந்தே ஒருவரோடு ஒருவர் மோதி ஊர் எரிந்த கதையும் உண்டு. அந்த வருஷம் இரு கையும் சேர்ந்தன. எந்த வரி கொடுப்போம், எதைக் கொடுக்க மாட்டோம் என்று கூடித் தீர்மானித்தார்கள். தீர்மானத்தைக் கல்லில் வெட்டினார்கள். ஆடுதுறையில் மட்டுமல்ல, விருத்தாசலத்தில், மாயவரம் பக்கத்துக் கொறுக்கையில், இன்னும் சில ஊர்களிலும் அதே ஆண்டுக் கல்வெட்டுகள் உண்டு.

அவை பேசுவதைக் கேளுங்கள். விளைச்சலைப் பாராமல் அநியாயமாக வரி போட்டதால் ஊரை விட்டே ஓட இருந்தோம். நாம் ஒன்றுபடாததால்தான் இந்த அநியாயம் என்று உணர்ந்தோம். இனி விளைந்ததற்குத் தக்க நியாயமான வரியே கொடுப்போம் என்பது ஒரு கல். கொடுமை செய்கிறவர்களுக்கு நம்மவர் யாரும் புகலிடம் தரக்கூடாது, கணக்கு எழுதித் தரக்கூடாது என்பது இன்னொரு கல். கணக்கு எழுத ஆளில்லாமல் வரி வசூல் நடக்குமா? எங்கே பிடித்தால் அசையும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது!

இதை நாம் பொற்காலமென்று புகழவில்லை. இரு கை சேர்ந்ததே தவிர, ஜாதிப் பட்டியல் கலையவில்லை. அது வரியைப் பற்றிய கல். கூலியைப் பற்றிய கல்லல்ல. ஆனாலும் வித்தியாசத்தைப் பாருங்கள். பாபிலோன் கல்லில் "நான்" என்று அரசன் பேசுகிறான். இங்கே "நாங்கள்" என்று ஜனங்கள் பேசுகிறார்கள்.

இன்றைய சங்கதி என்ன? 1948இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அது உட்பட 29 தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாக மாற்றப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கின்றன. யாருக்கு எது கிடைத்தது, எது பறிபோனது என்று வரி வரியாகப் படிக்க வேண்டியது நம் பொறுப்பு. படிக்காதவனுக்குச் சட்டம் வெறும் கல்.

ஆகவே ஒரு வேலை வைத்துக் கொள்வோம். சிமெண்டு ஆலையில் ஒப்பந்தக் கூலியாக இருப்பவர்கள், அரசாங்கம் அறிவித்த கூலி எவ்வளவு, கையில் வருவது எவ்வளவு, கூலிச் சீட்டு தருகிறார்களா என்று ஷிப்டு ஷிப்டாக எழுதுங்கள். மக்காச்சோளக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் ஒரே வேலைக்கு ஆணுக்கு என்ன, பெண்ணுக்கு என்ன என்று ஊர் ஊராக எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் சொல்லட்டும், தெரிந்தவர் எழுதட்டும். தெற்குத் தெரு, வடக்குத் தெரு என்று பிரிந்து எழுத வேண்டாம். ஒரே நோட்டில் எழுதுங்கள். அடுத்த வகுப்புக்கு அந்த நோட்டைக் கொண்டு வாருங்கள்.

அதிகாரி முன்னால் தனி ஆளாகப் போய் நின்றால் அது மனு. எல்லோரும் ஒரே கணக்கோடு போய் நின்றால் அது சட்டத்துக்கு உயிர். 1429இல் கல்லில் வெட்டினார்கள். நமக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.