பொய்ப் பணமும் மெய்ப் பாடமும்



மாமல்லபுரத்திலிருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கே சென்றால், கல்பாக்கத்திற்கு அருகே சதுரங்கப்பட்டினம் என்னும் ஊர் வருகிறது. அங்கே கடலை நோக்கியபடி ஒரு செங்கற் கோட்டை சிதைந்து நிற்கிறது. அதனுள் ஒல்லாந்தரின் கல்லறைகள் உண்டு. அவற்றின் மேல் மூடிய கற்களில் அழகிய வேலைப்பாடுகளைக் காணலாம். சுற்றுலா வரும் மாணவர்கள் பெரும்பாலும் மாமல்லபுரத்தோடு திரும்பிவிடுகிறார்கள். ஆயினும், பங்கு வாணிபம் என்பது எங்கே தொடங்கியது என்று அறிய விரும்புவோர் இந்தக் கோட்டையையும் ஒரு முறை பார்த்து வருவது நன்று. ஏனெனில், நம் நாட்டு மெல்லிய துணிகளை இங்கிருந்து கப்பலேற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனிதான், பொதுமக்களுக்குப் பங்கு விற்று, அந்தப் பங்குகளை ஒருவர் மற்றொருவருக்கு எளிதில் கைமாற்றவும் வழி செய்த முதற்பெரும் கம்பெனியாகும்.

1602-ஆம் ஆண்டில் அந்தக் கம்பெனி தோன்றியபோது, ஆம்ஸ்டர்டாம் நகரில் மட்டும் 1,143 பேர் பணம் கட்டிப் பெயர் எழுதிக் கொண்டனர். அவர்களுள் பெருவணிகர் இருந்தனர். வீட்டுப் பணிப்பெண்ணும் இருந்தாள். பங்கு கைமாறத் தொடங்கியதும் விலை ஏறிற்று, இறங்கிற்று. விலை ஏறி இறங்கும் இடத்தில் விளையாட்டும் வந்து சேர்வது இயல்பல்லவா?

அந்த விளையாட்டைப் பற்றி நமக்கு எழுதி வைத்தவர் ஜோசப் டி லா வேகா என்பவர். 1688-இல் ஆம்ஸ்டர்டாமில் இவர் ஸ்பானிய மொழியில் வெளியிட்ட நூலுக்கு, ‘குழப்பங்களின் குழப்பம்’ என்று பொருள்படும் பெயர். பங்குச் சந்தையைப் பற்றி எழுந்த முதல் நூல் இதுவே என்பர். பெரிய பங்கு ஒன்றை வாங்க வசதியில்லாதவர்கள், கற்பனையான சிறு பங்குகளை வைத்துக்கொண்டு, விலை ஒரு புள்ளி ஏறினால் இத்தனை, இறங்கினால் இத்தனை என்று கணக்குத் தீர்த்துக் கொண்டதை அவர் விவரிக்கிறார். கைச்செலவுக்குக் கிடைத்த சில்லறையைக் கொண்டு சிறுவர்கள் கூட இதில் இறங்கினார்களாம். உண்மைப் பங்கு எதுவும் கைமாறவில்லை. விலை மட்டுமே உண்மை. இன்று இணையத்தில் நடைபெறும் கற்பனைப் பங்கு வாணிப விளையாட்டுக்கு இதையே மூதாதை என்று நான் கருதுகிறேன்.

இன்றைய விளையாட்டின் அமைப்பு எளியது. சேர்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு இலட்சமோ பத்து இலட்சமோ பொய்ப் பணம் கணக்கில் எழுதப்படும். அதைக் கொண்டு அவர் கம்பெனிப் பங்குகளை வாங்குவதாகவும் விற்பதாகவும் பதிவு செய்யலாம். மாத முடிவில் யார் கணக்கில் மிகுதியான தொகை நிற்கிறதோ அவரே முதல்வர். அமெரிக்கப் பள்ளிகளில் 1977 முதலே இத்தகைய விளையாட்டு ஒன்று பாடத்தின் துணையாக நடந்து வருகிறது. நம் நாட்டில் கைப்பேசி பரவிய பின் இவை பெருகின. நானும் செங்கற்பட்டில் கல்லூரி மாணவர் சிலரைச் சேர்த்துக்கொண்டு, கட்டணமும் பரிசும் இல்லாமல், சிறிய அளவில் இதை நடத்தி வருகிறேன். பொய்ப் பணம் மெய்யான பாடத்தைக் கற்றுக் கொடுக்குமா? கொடுக்கும், ஆனால் விளையாட்டு எந்தெந்த இடத்தில் பொய்யாகிறது என்பதை ஆட்டக்காரர் அறிந்திருந்தால்தான் கொடுக்கும். அத்தகைய இடங்கள் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, விலை. தேவனேரியிலோ கொக்கிலமேட்டிலோ விடியற்காலையில் படகுகள் கரையேறும் நேரத்தில் சென்று பாருங்கள். மீனைக் கூறு கூறாக மணலில் குவித்து ஏலம் விடுவார்கள். கூடைக்காரப் பெண்களும் வியாபாரிகளும் சுற்றி நிற்பார்கள். நூறு ரூபாய் கேட்ட கூற்றுக்கு ஒருவர் நூற்றிருபது என்றதும், விலை அந்தக் கணமே நூற்றிருபதாகி விடுகிறது. கேட்பவருடைய வாயே விலையை உயர்த்துகிறது. கரையில் இருக்கும் வஞ்சிரம் முழுவதும் எனக்கே வேண்டும் என்று ஒருவர் நின்றாரானால், கடைசிக் கூற்றுக்கு அவர் கொடுக்கும் விலை முதற்கூற்றின் விலையாக இராது. உண்மைப் பங்குச் சந்தையும் இப்படியே. ஆனால் விளையாட்டில், திரையில் தெரியும் விலைக்கு ஆயிரம் பங்கு கேட்டாலும் கிடைக்கும், பத்தாயிரம் கேட்டாலும் கிடைக்கும். நாள் முழுவதும் சில நூறு பங்குகளே கைமாறுகின்ற சிறு கம்பெனியில் ஒருவர் ஒரே நொடியில் பத்தாயிரம் பங்கு வாங்கி, மறுநாள் விற்று, முதலிடம் பெறுகிறார். மெய்யான சந்தையில் அவருக்கு விற்பதற்கும் ஆள் இல்லை, அவரிடம் வாங்குவதற்கும் ஆள் இல்லை. இதனோடு தரகு, வரி, முத்திரைக் கட்டணம் ஆகியவற்றையும் பல விளையாட்டுகள் கணக்கிடுவதில்லை. ஒரு முறை வாங்கி விற்பதற்கு நூற்றுக்குக் கால் ரூபாய் செலவு என்று வைத்துக்கொண்டால் கூட, கையிலுள்ள பணம் முழுவதையும் மாதம் இருபது முறை புரட்டுகிறவர், விலை அசையாமல் நின்றாலும் நூற்றுக்கு ஐந்து ரூபாய் இழப்பார்.

இரண்டாவது, வெற்றி. ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1,024 பேர் ஒரு மைதானத்தில் நிற்கிறார்கள். எல்லோரும் ஒரு நாணயத்தைச் சுண்டுகிறார்கள். பூ விழுந்தவர்கள் உட்கார வேண்டும், தலை விழுந்தவர்கள் நிற்கலாம். முதற்சுற்றில் ஏறத்தாழ 512 பேர் நிற்பர். அடுத்து 256, பிறகு 128. பத்தாவது சுற்றின் முடிவில் சராசரியாக ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அவர் தொடர்ந்து பத்து முறை தலை விழச் செய்தவர்! அவரிடம் சென்று, ‘ஐயா, நாணயம் சுண்டும் கலையை எங்களுக்கும் கற்பியுங்கள்’ என்று நாம் கேட்போமா? கேட்க மாட்டோம். ஆனால் ஆயிரம் பேர் ஆடிய பங்கு விளையாட்டில் முதலாவதாக வந்தவரை அந்தக் கூட்டத்தார் அன்றே ஆசானாக்கி விடுகிறார்கள். எதை வாங்கலாம் என்று அவரைச் சூழ்ந்து நிற்கிறார்கள். அவருக்கும் தம் திறமையில் நம்பிக்கை வந்துவிடுகிறது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. முதல்வருக்கு மட்டுமே பரிசு என்றால், அறிவுள்ள ஆட்டக்காரன் என்ன செய்வான்? பணத்தைப் பல பங்குகளில் பிரித்து வைப்பவன் நடுவில் நிற்பான். ஒருக்காலும் முதலில் வரமாட்டான். எல்லாவற்றையும் ஒரே பங்கில் கொட்டுகிறவனே ஒன்று முதலில் வருவான், அல்லது கடைசியில் நிற்பான். கடைசியில் நிற்பதற்குத் தண்டனை இல்லை. ஆகவே கொட்டிப் பார்ப்பதே சரி என்றாகிறது. வாழ்க்கையில் எதைச் செய்யக் கூடாதோ, அதையே விளையாட்டின் விதி செய்யத் தூண்டுகிறது. குறை ஆட்டக்காரனிடம் இல்லை. விதி வகுத்தவரிடம் இருக்கிறது.

மூன்றாவது, இழப்பு. பல விளையாட்டுகளில் பணம் தீர்ந்துவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். புதிய இலட்சம் வந்துவிடும். மெய்யான ஒரு இலட்சத்தில் பாதியை இழந்தவன் பழைய நிலைக்கு வர, எஞ்சிய ஐம்பதாயிரத்தை இரு மடங்காக்க வேண்டும். விழுந்தது நூற்றுக்கு ஐம்பது. எழ வேண்டியது நூற்றுக்கு நூறு. இந்தக் கணக்கு ஏட்டில் எளிது. இரவில் உறக்கம் வராமல் படுத்திருக்கும்போதுதான் அதன் கனம் தெரியும். அந்தக் கனத்தை எந்த விளையாட்டும் தருவதில்லை.

இவற்றையெல்லாம் எண்ணி எங்கள் விளையாட்டுக்குச் சில விதிகளை அமைத்திருக்கிறோம். நாங்கள் அன்றைய விலையைப் பயன்படுத்துவதில்லை. பல ஆண்டுகளுக்கு முந்தைய விலைகளை எடுத்து, கம்பெனியின் பெயரையும் ஆண்டையும் மறைத்துவிட்டு, அதன் விற்பனை, கடன், இலாபம் ஆகியவற்றை மட்டும் தருகிறோம். எந்தக் கம்பெனியிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பணம் இடக்கூடாது. ஒவ்வொரு முறையும் செலவு கழிக்கப்படும். அளவுக்கு மீறி வாங்குகிறவர் கூடுதல் விலை தர வேண்டும். பாதியை இழந்தவர் மீதிப் பாதியோடுதான் தொடர வேண்டும். வாங்குவதற்கு முன் அதற்குரிய காரணத்தை மூன்று வரியில் எழுத வேண்டும். மாத இறுதிக் கூட்டத்தில் இலாபம் கண்டவரும் நட்டம் கண்டவரும் அந்தக் காரணத்தைப் படித்துக் காட்டுவர். தவறான காரணத்தால் இலாபம் வந்ததும், சரியான காரணம் இருந்தும் நட்டம் வந்ததும் அப்போது வெளிப்படும். இன்னும் ஒரு விதி: இன்றைய சந்தையில் இந்தப் பங்கை வாங்கு என்று எவரும் எவருக்கும் சொல்லக் கூடாது.

ஒரு நாள் மாணவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். வேறோர் இடத்தில் நடந்த விளையாட்டில் அவர் முதலாவதாக வந்திருந்தார்.

“ஐயா, இனி உண்மைப் பணத்தைப் போட்டுப் பார்க்கலாம் அல்லவா?” என்றார்.

“பணம் ஏது தம்பி?” என்று கேட்டேன்.

“பருவக் கட்டணத்துக்காக அம்மா சுய உதவிக் குழுவில் வாங்கிய நாற்பதாயிரம் இருக்கிறது. கட்டுவதற்கு இன்னும் ஒரு மாதம் தவணை உண்டு.”

நான் அறிவுரை சொல்லவில்லை. அவருடைய கணக்கைப் பார்த்தேன். கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் ஒரே பங்கில் வைத்து அவர் வென்றிருந்தார். எங்களிடம் உள்ள பழைய விலைகளிலிருந்து பத்து மாதங்களைக் கொடுத்து, அதே முறையில் ஆடிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஆடினார். நான்கு மாதங்களில் இலாபம்; ஆறு மாதங்களில் நட்டம்; அந்த ஆறில் இரண்டில் நாற்பதாயிரம் முப்பதாயிரத்துக்கும் கீழே போயிற்று. அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “அம்மாவிடம் இதற்கு என்ன சொல்வேன்?” என்று தமக்குள்ளேயே கேட்டுக்கொண்டார். என்ன முடிவு செய்தார் என்று நான் வினவவில்லை. அடுத்த மாதம் எங்கள் கூட்டத்துக்கு ஓர் ஏட்டோடு வந்திருந்தார்.

இது ஒரு மாணவரின் கதை மட்டுமன்று. இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியமாகிய செபி, 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. முன்பேர ஒப்பந்தங்களிலும் விருப்புரிமை ஒப்பந்தங்களிலும் ஈடுபட்ட ஒரு கோடிக்கு மேற்பட்ட தனி மனிதர்களில், 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், நூற்றுக்கு 93 பேர் நட்டமடைந்தனர் என்று அது கூறுகிறது. மொத்த நட்டம் 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். நட்டப்பட்டவர்களின் சராசரி இழப்பு ஏறத்தாழ 2 இலட்சம் ரூபாய். பங்கை வாங்கி ஆண்டுக்கணக்கில் வைத்திருப்போரைப் பற்றிய கணக்கு அன்று இது. விலையின் ஏற்ற இறக்கத்தின் மீது குறுகிய காலத்தில் பணம் கட்டுவோரைப் பற்றியது. அம்ஸ்டர்டாம் சிறுவர்களின் சில்லறை விளையாட்டு எத்துணை பெரிதாக வளர்ந்துவிட்டது என்பதை இதனால் உணரலாம்.

பங்குச் சந்தையை ஒட்டி நடத்தப்படும் போட்டிகளைக் குறித்து அந்த வாரியம் 2016-லேயே மக்களை எச்சரித்தது. கட்டணம் பெற்றுப் பரிசு தரும் கற்பனை வாணிப விளையாட்டுகளைப் பற்றி 2024 நவம்பரில் மீண்டும் எச்சரித்தது. 2025 ஜனவரியில், கல்வி மட்டுமே புகட்டுவோர் அன்றைய விலையைக் காட்டக் கூடாது, மூன்று மாதமேனும் பழமையான விலையையே பயன்படுத்த வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. கற்பிப்பவர் யார், கற்பிப்பதாகச் சொல்லிக்கொண்டு பந்தயத்துக்கு அழைப்பவர் யார் என்று பிரித்தறிய மாணவர்களுக்கு இது நல்ல உரைகல். பழைய விலையில் கற்றுக் கொள்ள முடியாத பாடம் எதுவும் இல்லை. பழைய விலையில் பந்தயம் கட்டத்தான் முடியாது.

அப்படியானால் விளையாட்டே வேண்டாம் என்று நீங்கள் கேட்கலாம். அது என் கருத்தன்று. மாமல்லபுரத்தில் ஐந்து இரதங்களைப் பார்த்தவர்கள், சற்றுத் தொலைவில் உள்ள வலையன்குட்டை இரதத்தையும் பிடாரி இரதங்களையும் பார்க்க வேண்டும். அவை முற்றுப்பெறாதவை. மேற்பகுதி செதுக்கப்பட்டிருக்கிறது, கீழே பாறை பாறையாகவே நிற்கிறது. பல்லவர் காலத்துச் சிற்பி மேலிருந்து கீழாக வேலை செய்தான் என்பதை முடிந்த கோயிலை விட முடியாத இந்தக் கற்களே நமக்குத் தெளிவாகக் காட்டுகின்றன. உளி எங்கே தொடங்கிற்று, எப்படி இறங்கிற்று என்பதெல்லாம் அங்கே மறையாமல் இருக்கின்றன. பொய்ப் பணத்தில் ஏற்பட்ட நட்டமும் அத்தகையதே. அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினால் அதனால் பயனில்லை. காரணத்தோடு எழுதி வைத்தால், நம் மனம் எந்த இடத்தில் ஆசைப்பட்டது, எந்த இடத்தில் அஞ்சியது என்பதை அது என்றைக்கும் காட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே, மாணவ நண்பர்களே, ஆடுங்கள், ஏட்டோடு ஆடுங்கள். வென்ற மாதத்தின் தொகையைப் பிறரிடம் சொல்வதற்கு முன், தோற்ற மாதங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். யாரேனும் தம் வெற்றியைக் காட்டி உங்களை அழைத்தால், அவருடைய நட்டக் கணக்கையும் காட்டச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் இருக்கும் பணம் எவ்வளவு சிறியதாயினும், அது யாரோ ஒருவர் பல நாள் உழைத்துச் சேர்த்தது. அதைத் தொடும் உரிமை விளையாட்டில் பெற்ற வெற்றியால் வந்துவிடாது.